பட்டணத்துப் படங்களும் பெயரில்லா முகங்களும்

தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் நாம் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்து ஆபீசில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. மாதத்துக்கு ஒன்றாகக் கோலாலம்பூரின் பழைய புகைப்படங்கள் அதில் அச்சாகியிருக்கின்றன. ஒரு மாதத்துப் படத்தில், 1897ஆம் வருஷம் கட்டி முடிந்து இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்று வழங்கப்பெறும் மாளிகை, கோபுரமும் கடிகாரமுமாகக் கம்பீரமாய் நிற்கிறது. அதன் முன்னே சாலையில் ஒரு மாட்டு வண்டி. வண்டிக்குப் பக்கத்தில் முண்டாசு கட்டிய ஒரு மனிதன். படத்தின் கீழே கட்டடத்தின் பெயர் உண்டு. கட்டி முடிந்த வருஷமும் உண்டு. வண்டிக்காரனைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

அந்த நாட்காட்டிக்கு நேர் கீழேதான் நமது மேஜை. மேஜையின்மேல் செக்ரோல். கணக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதெனினும் நாம் இன்னும் அதைச் செக்ரோல் என்றே சொல்லி வருகிறோம். அதில் ஆளின் பெயர் உண்டு, எண் உண்டு, வேலைக்கு வந்த நாளும் வராத நாளும் உண்டு, வெட்டிய குலை எத்தனை, கூலி எவ்வளவு என்பதும் உண்டு. முகம் மட்டும் கிடையாது.

ஆகவே, சுவரில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை; மேஜையில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. உழைக்கும் மனிதனுடைய முகமும் பெயரும் இவ்வாறு ஒன்றையொன்று காணாமல் பிரிந்து நின்றது ஏன்? பிரித்தவர் யார்? எங்கேனும் எப்போதேனும் அவை சேர்ந்ததுண்டா? இக்கேள்விகளை எடுத்துக்கொண்டு, பட்டண வாழ்க்கையைப் படம் பிடித்தவர்களின் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகைப்படம் என்னும் வித்தை 1839ஆம் வருஷம் பாரிஸ் நகரில் உலகுக்கு வெளியிடப்பட்டது. நான்கே வருஷத்தில், 1843ல், சிங்கப்பூரில் ஓட்டல் நடத்திய துத்ரொன்குவா என்பவர், முகப்படம் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். ஆயினும் அக்காலத்துப் படம் பிடித்தல் எளிய காரியமன்று. பின்னர் வந்த முறையில், கண்ணாடித் தட்டின்மீது மருந்தைப் பூசி, ஈரம் உலருமுன் படத்தைப் பிடித்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். ஆகையால் இருட்டறையையும் மருந்துப் புட்டிகளையும் கூடவே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. படத்துக்கு நிற்பவர் அசையாது நிற்க வேண்டும். பழைய படங்களில் நம்மவர் மரம்போல் விறைத்து நிற்பதைக் கண்டு, அவர்கள் சிரிக்கவே அறியாதவர் என்று எண்ணிவிடக்கூடாது. சிரித்தால் படம் கெட்டுவிடும்!

1862ல் ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் சிங்கப்பூருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25. பினாங்கிலும் அதற்கு எதிர்க்கரையிலுள்ள வெல்லெஸ்லி மாகாணத்திலும் ஏறக்குறையப் பத்து மாதம் தங்கி, கடைத்தெருக்களையும் தோட்டங்களையும் அங்கு உழைத்த பல ஜாதி ஜனங்களையும் படம் பிடித்தார். பின்னர் 1875ல் லண்டனில் வெளியிட்ட யாத்திரைப் புத்தகத்தில் அவர் ஒரு செய்தி சொல்கிறார். பினாங்கில் மதராஸ்காரர் இருவரைப் பழக்கிப் படம் அச்சிடும் வேலைக்கு வைத்துக்கொண்டாராம். சீனர்களோ இது பேய்வேலை என்று விலகிவிட்டனராம். நம்மவர் இருவர் மலாயாவின் மிகப் பழைய புகைப்படக்காரர் ஒருவரிடம் தொழில் கற்றுக் கைகறுக்க உழைத்தனர் என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க செய்தியே. ஆனால் புத்தகம் அவ்விருவரை மதராஸ்காரர் என்ற அளவில் குறித்துவிட்டு மேலே செல்கிறது. படத்துக்கு நின்றவன் மட்டுமன்று, படத்தை அச்சிட்டவனும் பெயரற்றுப் போனான்!

இது தாம்சன் ஒருவருடைய குணம் என்று கொள்ளுதல் தவறாகும். அது அக்காலத்து வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு வியாபாரக் காரணமும், ஓர் ஆட்சிக் காரணமும் இருந்தன.

வியாபாரக் காரணம் யாதெனில்: படத்தை வாங்கியவர் படத்தில் நின்றவரல்லர். ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரத்தைச் சேர்ந்த லாம்பர்ட் என்பவர் 1867ல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி, கீழ்த்திசைக் காட்சிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து விற்றது. கப்பலில் வந்திறங்கும் பிரயாணிகளும், சீமைக்குத் திரும்பும் உத்தியோகஸ்தர்களும் அவற்றை ஆல்பங்களில் ஒட்டி எடுத்துச் சென்றனர். அவர்களுக்கு வேண்டியது ஒரு தமிழன், ஒரு மலாய்க்காரன், ஒரு சீனன். இன்ன ஊர், இன்னார் மகன் என்பதன்று. ஒருவனுடைய பெயரைப் போட்டால் அந்தப் படத்தை வாங்க அவன் வீட்டார் மட்டுமே வருவர். பெயரை எடுத்துவிட்டு ஜாதியையும் தொழிலையும் போட்டாலோ, உலகமெல்லாம் விற்கலாம்.

ஆட்சிக் காரணம் இதனினும் வலிது. 1857ல் வட இந்தியாவில் மூண்ட பெருங்கலகத்துக்குப் பிறகு, தாங்கள் ஆளும் ஜனங்கள் யார் யார் என்று அறியும் ஆவல் ஆங்கில ஆட்சியாளருக்கு மிகுந்தது. 1868 முதல் 1875 வரையில் இந்திய ஜனங்களைப் பற்றி எட்டுப் பாகங்களில் 468 படங்கள் கொண்ட ஒரு பெருநூலை அவர்கள் வெளியிட்டனர். மனிதர் அதில் ஜாதிவாரியாகவும் குலவாரியாகவும் வரிசைப்படுத்தப்பட்டனர். இவர் நம்பத்தக்கவர், இவர் திருட்டுக் குணமுள்ளவர் என்ற வகைத் தீர்ப்புகளும் கூடவே எழுதப்பட்டன. ஒரு முகத்தைக் காட்டி ஒரு கூட்டத்தையே இகழும் கெட்ட வழக்கம் அச்சுப் புத்தகத்தில் ஏறியது இவ்வாறுதான்.

இந்த வழக்கத்தின் கொடிய எல்லையைக் காண வேண்டுமானால் நமது முன்னோர் நாட்டுக்கே செல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் கடல் கடந்ததற்கு அத்தகைய பஞ்சங்களே காரணம் என்பது யாவரும் அறிந்ததே. அப்பொழுது ஹூப்பர் என்னும் ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாய் நின்ற ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கூட்டங் கூட்டமாக அமர்த்திப் படம் பிடித்தார். பஞ்சத்தின் கொடுமையை உலகம் அறிய அப்படங்கள் உதவின என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதே ஹூப்பர் 1886ல் பர்மாவிலுள்ள மாந்தலேயில், கைதிகள் சுடப்பட்டு விழும் கணத்தைப் படம் பிடிக்க முயன்று, லண்டன் பார்லிமெண்டுவரை கண்டனம் எழுந்து, விசாரணைக்கும் உள்ளானார். எதிரில் நிற்பவன் ஒரு மனிதன் என்ற எண்ணம் அகன்றுவிட்டால், பஞ்சமும் ஒரு காட்சியே, மரணமும் ஒரு காட்சியே.

இனி, இந்தச் சரித்திரத்தில் நம்மை வியக்க வைக்கும் பகுதிக்கு வருவோம். மலாயாவையும் சீனாவையும் சுற்றிவிட்டு லண்டனுக்குத் திரும்பிய அதே ஜான் தாம்சன், 1877 பிப்ரவரி முதல் ஒரு வருஷ காலம், லண்டன் தெரு வாழ்க்கை என்னும் பொருள்படும் தலைப்பில் மாதந்தோறும் ஒரு வெளியீடு கொண்டுவந்தார். அடால்ப் ஸ்மித் என்னும் பத்திரிகைக்காரர் அவருக்குத் துணை. தெருவில் பூ விற்போர், பழைய சாமான் வாங்குவோர், வீடின்றி வண்டியில் வாழ்வோர் முதலிய ஏழைகளின் படங்கள் 36 அதில் வெளிவந்தன. அவற்றுள் ஒரு படத்தில் வண்டிப் படிக்கட்டில் ஒரு கிழவி அமர்ந்திருக்கிறாள். அவள் பெயர் மேரி பிராட் என்றும், படம் எடுத்த சில வாரங்களுக்குள் கொலையுண்டாள் என்றும் நாம் அறிகிறோம். வேறொரு படத்தில், ஒரு கட்டடத்தின் வாசற்படியில் சோர்ந்து சாய்ந்திருக்கும் ஒரு பெண் கைக்குழந்தையை வைத்திருக்கிறாள். குழந்தை அவளுடையதன்று, காப்பிக் கடையில் வேலைக்குப் போயிருக்கும் இன்னொருத்தியுடையது என்பதும் நமக்குத் தெரிகிறது.

எப்படித் தெரிந்தது? கேட்டார்கள், ஆகையால் தெரிந்தது! பினாங்கில் ஜாதியைக் குறித்துக்கொண்டு போன மனிதர், லண்டனில் பெயரையும் கதையையும் கேட்டு எழுதும் தோழர் ஒருவரோடு சென்றார். பெட்டியும் ஒன்றே, கண்ணும் ஒன்றே. மாறியவை இரண்டு: எதிரில் நின்றவர்களுடைய பாஷை அவருக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் துன்பம் தம் ஊரின் துன்பம் என்று வாசகர் எண்ண வேண்டுமென்ற விருப்பம் இருந்தது. பெயர் கேட்பதற்குப் பாஷை வேண்டும். பாஷைக்கு மேலாக விருப்பம் வேண்டும்.

பத்திரிகையில் படம் ஏறிய கதையும் பட்டணத்து ஏழைகளைச் சுற்றியே தொடங்குகிறது. முற்காலத்தில் புகைப்படத்தை அப்படியே செய்தித்தாளில் அச்சிட முடியாது. சித்திரக்காரர் அதைப் பார்த்து மரத்தில் செதுக்கித் தர வேண்டும். படத்தைச் சிறு சிறு புள்ளிகளாக மாற்றி எழுத்தோடு சேர்த்து அச்சிடும் முறை வந்த பிறகே, புகைப்படம் செய்தித்தாளுக்குள் நுழைந்தது. 1880 மார்ச்சு 4ந் தேதி நியூயார்க்கின் டெய்லி கிராபிக் பத்திரிகை அம்முறையில் ஒரு படம் வெளியிட்டது. அதையே முன்னோடியாகச் சரித்திரக்காரர் எடுத்துக் காட்டுவது வழக்கம். அந்தப் படம் எதைக் காட்டியது? அரண்மனையை அன்று, அந்நகரத்து ஏழைகளின் குடிசைப் பகுதியை.

அந்நகரத்தில் ஜேக்கப் ரீஸ் என்னும் டென்மார்க்குக்காரர் போலீஸ் செய்திகள் எழுதும் நிருபராயிருந்தார். 1870ல் பிழைப்புத் தேடி வந்து, போலீஸ் நிலையத்துத் தர்மக் கொட்டடியில் படுத்துறங்கிய அனுபவமும் அவருக்கு உண்டு. 1887ல் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி இருட்டிலும் படம் பிடிக்கும் வழி வந்தது. ரீஸ் நள்ளிரவில் நெருக்கடியான வீடுகளுக்குள் புகுந்து, ஓர் அறையில் பலர் ஒண்டிக் கிடந்த கோலத்தை அந்த வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவருடைய நூல் 1890ல் வெளிவந்தது. அதனால் உண்டான கிளர்ச்சியில், மல்பெரி வளைவு என்ற மிகக் கேடான பகுதி இடிக்கப்பட்டு, 1897ல் அங்கே ஒரு பூங்கா திறக்கப்பட்டது. சீர்திருத்தக்காரர் கையில் புகைப்படம் ஓர் ஆயுதமாகலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று. எனினும் ரீஸ் செய்தது முழுவதும் செம்மை என்று நாம் சொல்லத் துணியோம். உறங்குகிறவர்களைத் திடீரென்று வெளிச்சத்தால் எழுப்பி, அனுமதி கேளாமல் படம் பிடிப்பது மரியாதையாகுமா? அன்றியும், இத்தாலியர் இப்படி, யூதர் இப்படி, சீனர் இப்படி என்று ஜாதிவாரியாகத் தீர்ப்புச் சொல்லும் பழைய நோய் அவரையும் விட்டபாடில்லை.

பெயரையும் முகத்தையும் ஒன்றுசேர்த்த பெருமை லூயிஸ் ஹைன் என்னும் அமெரிக்க உபாத்தியாயருக்கே உரியது. 1908 முதல், குழந்தைத் தொழிலை எதிர்த்த தேசீயக் கமிட்டிக்காக அவர் ஊர் ஊராகச் சென்றார். ஆலைகளுக்குள் அவரை விடமாட்டார்கள். ஆகவே சில சமயம் வேறு வேஷம் போட்டும் உள்ளே சென்றார். ஒவ்வொரு குழந்தையையும் படம் பிடித்தபின், பெயர் என்ன, வயது என்ன, எத்தனை மணி நேரம் வேலை, என்ன கூலி என்று கேட்டு, சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே யாரும் அறியாமல் குறித்துக்கொள்வார். குழந்தையின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களைக் கொண்டு அளந்துகொள்வார். நகரத் தெருக்களில் பத்திரிகை விற்ற சிறுவர்களையும், இருண்ட அறைகளில் கூலிக்குத் தையல் வேலை செய்த குடும்பங்களையும் அவ்வாறே பதிவு செய்தார். படம் பொய் என்று முதலாளி சொன்னால், இதோ பெயர், இதோ ஊர், இதோ வயது என்று காட்ட முடிந்தது. 1916ல் ஒரு சட்டம் பிறந்தது. 1918ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1938ல்தான் நிலையான சட்டம் வந்தது. முப்பது வருஷப் போராட்டம்! முகம் இரக்கத்தை உண்டாக்கும். பெயரும் சேர்ந்தால் அது சாட்சியமாகும்.

இப்பொழுது நம் கோலாலம்பூருக்குத் திரும்புவோம். 1857ல் ஈயம் தேடி வந்தவர்களால் உண்டான இவ்வூர், 1881ல் தீயினாலும் வெள்ளத்தினாலும் ஒரே வருஷத்தில் அழிந்தது. அதன்பின் அத்தாப்பு வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் வீடுகள் எழுப்பும்படி பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அக்காலத்துச் செங்கல் சூளைகளால்தான் பிரிக்பீல்ட்ஸ் பெயர் பெற்றது. 1886 செப்டம்பரில் கிள்ளான் பக்கத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலோடு தமிழகத்துத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் பெருகினர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஜனங்களின் ஊராயிற்று. காட்டை வெட்டி, மேட்டைச் சமமாக்கி, தண்டவாளம் போட்டவர் உழைப்பெல்லாம் அக்காலத்துப் படங்களில் சாலையாகவும் பாலமாகவும் ஸ்டேஷனாகவும் காட்சியளிக்கிறது. உழைத்தவரோ அளவு காட்டுவதற்காக ஓரத்தில் நிறுத்தப்பட்ட கம்பத்தைப்போல் நிற்கின்றனர்.

இங்கே நாம் நம் வகுப்பாரையும் குற்றம் சொல்லாதிருத்தல் நியாயமன்று. ஆங்கிலம் படித்த கிராணிமார் ஸ்டுடியோவுக்குச் சென்று, கோட்டும் அங்கவஸ்திரமும் அணிந்து, மனைவி மக்களோடு படம் எடுத்து, பெயரும் தேதியும் எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். தோட்டத்தில் கூட்டப் படம் எடுத்தபோதும் துரைக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார்கள். பின்னால் நின்றவர்களின் பெயர் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையாலேயே செக்ரோலில் தினமும் எழுதிய பெயர்கள்தாமே! எனினும் படத்தின் பின்புறம் எழுதத் தோன்றவில்லை. வெள்ளைக்காரருக்குப் பாஷை தெரியாது என்று சொல்லலாம். நமக்கு என்ன சமாதானம்?

பின்னால் நின்றவர்கள் பேசாத பொம்மைகளும் அல்லர். 1941ல் இந்தக் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கும்படியும் கேட்டார்கள். சர்க்கார் பட்டாளத்தை வரவழைத்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் உயிரிழந்தனர். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்று சொன்னவனுடைய முகம், நாம் விற்பனையில் காணும் அஞ்சல் அட்டை எதிலும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றவனுடைய முகமே இருக்கிறது.

பெயரும் முகமும் ஒரே காகிதத்தில் பெருந்திரளாகச் சேர்ந்தது எப்போது தெரியுமா? 1948ல். அவசரகால ஆட்சி தொடங்கியவுடன், 12 வயது நிரம்பிய யாவரும் படமும் கைரேகையும் பதித்த அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. அதுகாறும் ஸ்டுடியோ வாசலை மிதித்திராத தோட்டத்து ஜனங்களில் எத்தனையோ பேருக்கு அதுவே முதற்படம். சேர்த்து வைத்தது அன்பன்று, மரியாதையன்று, சந்தேகம். இவன் காட்டுக்குள்ளிருப்போருக்கு அரிசி கொடுப்பானோ என்ற சந்தேகம்!

இவ்வளவும் பழங்கதை என்று வாசகர் எண்ணக்கூடும். நமக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். நாம் முன்னே வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், அலமாரியைச் சுத்தம் செய்யும்போது ஒரு கூட்டப் படம் கிடைத்தது. பின்புறத்தில், நாற்காலியில் அமர்ந்த அறுவர் பெயரும் 1958 என்ற வருஷமும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தன. நின்றவரும் தரையில் அமர்ந்தவருமாகிய 43 பேருக்கும் சேர்த்துத் தொழிலாளர் என்று ஒரே சொல். அக்காலத்துச் செக்ரோல் புத்தகங்களோ, தோட்டம் கைமாறியபோது ஆபீசுக்குப் பின்னால் கொளுத்தப்பட்டுவிட்டன.

அந்த லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகனோடு வசிக்கும் பாட்டி ஒருவரிடம் படத்தை எடுத்துச் சென்றோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரலை வைத்துப் பெயர் சொல்லி வந்தார். இருபத்தொன்பது பெயர். இரண்டாவது வரிசையின் கோடியில், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இது எங்க அக்கா, தம்பி. இந்தப் படம் எடுத்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. அக்கா முகமே எனக்கு மறந்து போச்சு. கார்டையும் சர்க்கார்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டோம். இந்தப் படம் இத்தனை வருஷமா எங்கே இருந்துச்சு?"

ஆபீசு அலமாரியில் இருந்தது, பாட்டி என்று சொன்னோம். அதற்குமேல் நமக்குச் சொல்ல வாய் எழவில்லை. அலமாரிக்கும் அந்தக் குடும்பம் அன்று வசித்த லயத்துக்கும் இடையே கால் மைல் தூரங்கூட இல்லை. படத்தின் பின்னால் அந்தப் பெண்ணின் பெயரை யாரேனும் ஒருவர் எழுதியிருந்தால், பின்வந்த கிராணிகளில் யாரேனும் ஒருவர் அதைப் படித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். அறுபது வருஷத்துக்குமேல் ஒரு தங்கைக்கு அக்காளின் முகம் இல்லாமற் போனதற்குக் காரணம் கொடியவன் எவனுமல்லன். எழுதப்படாத ஒரு வரி. பெயரில்லாத படம் என்பது கலை விஷயமன்று, சரித்திர விஷயம் மாத்திரமன்று. அது ஒரு வீட்டின் நஷ்டம் என்பதை அன்று உணர்ந்தோம்.

பின்வந்த காலத்தில் தோட்டங்கள் விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் நம் ஜனங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்தனர். 2007 நவம்பர் 25ந் தேதி, இண்ட்ராப் அமைப்பின் அழைப்பில் அவர்கள் ஆயிரக்கணக்கில் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்டபோது, கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. காந்தியாரின் படத்தை உயர்த்திப் பிடித்த முகங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அவ்வியக்கத்தைப் பற்றி யார் எக்கருத்துக் கொண்டிருப்பினும், நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் தாமே தெரிந்தெடுத்த கோலத்தில் படத்துக்குள் நின்றது அன்று என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இத்துடன் கட்டுரையை முடித்தால் நாம் பாதி உண்மையே சொன்னவராவோம். இன்று பிரட்டில் நம் எதிரில் நிற்பவர்களில் பெரும்பாலோர் யார்? வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளத்தாரும். கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களை எழுப்புவோரும், பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் கழுவுவோரும் அவர்களே. 2020 மே 1ந் தேதி, தொழிலாளர் தினத்தன்று, கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டின் நடுவே, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்து மாடி வீடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான அந்நியத் தொழிலாளரைக் குடிநுழைவு அதிகாரிகள் பிடித்துச் சென்றனர். வரிசையாக நடத்தப்பட்டும் உட்காரவைக்கப்பட்டும் இருந்த அவர்களின் படங்கள் வெளிவந்தன. நாமும் பார்த்தோம், விரலால் தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குப் போனோம். அங்கே அமர்ந்திருந்தவர்களுக்குப் பெயர் உண்டா என்று நமக்கு அப்போது தோன்றவில்லை. நம் பாட்டனைப் பார்த்த ஆல்பக்காரருக்கும் நமக்கும் வித்தியாசம் யாது?

சிலர் ஓர் ஆட்சேபம் சொல்லலாம்: பெயரைப் போடுவதே ஆபத்தல்லவா? உண்மையே. அதே வருஷம் ஜூலையில், அத்தொழிலாளர் நிலையைப் பற்றி அல்ஜசீரா தொலைக்காட்சி வெளியிட்ட படத்தில், வங்காளதேச இளைஞர் ஒருவர் முகத்தை மறைக்காமல் பேசினார். அதிகாரிகள் அவருடைய படத்தையும் பெயரையும் போட்டுப் பொதுஜனங்களிடம் தகவல் கேட்டனர். வேலை அனுமதி ரத்தாயிற்று, கைதானார், ஆகஸ்டில் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். 1948ன் கார்டைப்போல இங்கும் பெயரும் முகமும் சேர்ந்தன; சேர்த்தது வேட்டை. ஆகவே பெயர் வேண்டும் என்பதோடு, பெயருக்கு உரியவனுடைய சம்மதமும் வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது. கேட்பது ஒன்று, வெளியிடுவது வேறு. வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடாமலிருப்பதும், அவர் பெயரை நம்மிடம் பத்திரமாக வைத்திருப்பதும் மரியாதையின் பகுதியே.

தோழர்களே! இன்று ஒவ்வொருவர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. தாம்சன் கூலிகள் தலையில் ஏற்றிச் சென்ற பெட்டிகளைவிட நம் சட்டைப்பை வல்லமையுள்ளது. ஆனால் பெயரற்ற படங்கள் குறைந்தபாடில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய படங்களை எடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். பின்புறத்தில் பென்சிலால், மை ஊறாதபடி, இடமிருந்து வலமாகப் பெயர்களையும், ஊரையும், தோட்டத்தையும், வருஷத்தையும் எழுதுங்கள். பெயர் தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு இருந்தால்தான் பின்வருவோன் கேட்பான். பாட்டிக்கு அந்தப் படத்தின் பிரதி ஒன்று எடுத்துக் கொடுத்தோம். மீதமுள்ள பதினான்கு முகங்களுக்குக் கோடு போட்டிருக்கிறோம்.

சென்ற மாதம் கம்பெனியின் வருஷப் புத்தகத்துக்காக நம் தோட்டத்தில் குலை வெட்டுவோரைப் படம் பிடித்துச் சென்றனர். தொழிலாளர் என்று மட்டும் கீழே போடுவதாக இருந்தார்கள். நாம் பிரட்டுக் களத்துக்குச் சென்று ஒவ்வொருவரையும் அவரவர் பெயரைச் சொல்லும்படி கேட்டோம். இரண்டு வருஷமாக எண்ணைச் சொல்லியே அவர்களைக் கூப்பிட்டு வந்த நமக்கு, அந்தக் காலை சற்று வெட்கமாகவே இருந்தது. எட்டுப் பேரில் ஏழு பேர் சொல்லி, எழுத்துக் கூட்டியும் காட்டினார்கள். நம் செக்ரோலில் மூவருடைய பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. எட்டாவது ஆள், தம் பெயரை அச்சில் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். போடவில்லை. செக்ரோலில் மட்டும் திருத்தி எழுதிக்கொண்டோம்.